தான் போட்ட சட்டத்தில் தானே தோற்றவர்

அமெரிக்காவின் வட பகுதியில் விஸ்கான்சின் என்று ஒரு மாநிலம் இருக்கிறது. பாலுக்கும் பாலாடைக் கட்டிக்கும் பெயர் போன சீமை. குளிர் காலத்தில் அங்குள்ள ஏரிகள் கல்லாக உறைந்துவிடும்.

1906-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் அங்கே ஒரு புதுமையான ஓட்டெடுப்பு நடந்தது.

யார் கவர்னர் என்று முடிவு செய்யும் தேர்தல் அல்ல அது. அந்தத் தேர்தல் நவம்பர் மாதம் வர இருந்தது. கவர்னர் பதவிக்குக் கட்சியின் சார்பில் யார் நிற்பது என்பதை முடிவு செய்ய நடந்த தேர்தல் இது. கட்சித் தலைவர்கள் கூடி முடிவு செய்யவில்லை. ஏர் பிடிக்கும் குடியானவரும், ஆலைத் தொழிலாளியும், கடைக்காரரும் ஓட்டுச் சாவடிக்குப் போய், ரகசியமாக ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள்.

இந்தச் சட்டத்தைக் கொண்டு வருவதற்கு ஒருவர் பல ஆண்டுகள் பாடுபட்டார். இதற்காக எதிரிகளைத் தேடிக் கொண்டார். உடம்பையும் கெடுத்துக் கொண்டார்.

ஓட்டுகளை எண்ணினார்கள். அவர் ஆதரித்த ஆள் படுதோல்வி அடைந்தார்!

அவர் பெயர் ராபர்ட் லா பாலெட்.

தந்தை முகம் அறியாத பிள்ளை

1855-ம் ஆண்டு ஜூன் 14-ந் தேதி, பிரிம்ரோஸ் என்ற கிராமத்தில் ராபர்ட் பிறந்தார். மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய சிறிய வீடு. பிறந்து 8 மாதம் ஆவதற்குள் தந்தை இறந்துவிட்டார். சில ஆண்டுகள் கழித்துத் தாயார் மறுமணம் செய்துகொண்டார். வந்தவர் வயதானவர், கண்டிப்பானவர்.

சிறுவன் ராபர்ட் நிலத்தில் பாடுபட்டான். பள்ளிக்கூடத்துக்கும் போனான். 1873-ல் குடும்பம் தலைநகரான மாடிசனுக்கு வந்தது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் அவர் சேர்ந்தார். படிப்புச் செலவுக்காக, பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தார். மாணவர் பத்திரிகை ஒன்றையும் நடத்தினார்.

அவர் குட்டையான மனிதர். அடர்ந்த தலைமுடியை மேல் நோக்கி வாரியிருப்பார். மேடையில் ஏறிவிட்டால் உருவம் மறந்து போகும், குரல்தான் நிற்கும். 1879-ல் பல மாநிலக் கல்லூரிகள் கலந்துகொண்ட பேச்சுப் போட்டி நடந்தது. ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் இயாகோ என்ற வஞ்சகனைப் பற்றி ராபர்ட் பேசினார். முதல் பரிசு அவருக்கே கிடைத்தது.

கல்லூரியில் பெல் கேஸ் என்ற மாணவியும் படித்தார். நல்ல புத்திசாலி. 1881 டிசம்பர் 31-ந் தேதி இருவருக்கும் கல்யாணம் நடந்தது. கையில் குழந்தை வந்த பிறகும் பெல் படிப்பை விடவில்லை. 1885-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான். கணவரின் பேச்சுகளைத் திருத்துவதும், கடிதங்களைப் பார்ப்பதும், யோசனை சொல்வதும் அவரே.

தபால் மாஸ்டர் போட்ட தடை

1880-ல் ராபர்ட் வக்கீல் ஆனார். வயது 25. மாவட்ட சர்க்கார் வக்கீல் பதவிக்கு நிற்க ஆசைப்பட்டார். அது தேர்தல் மூலம் கிடைக்கும் பதவி. சம்பளம் ஆண்டுக்கு 800 டாலர். செலவுப் படி 50 டாலர்.

அந்த ஊரில் கீஸ் என்று ஒரு தபால் மாஸ்டர் இருந்தார். பெயருக்குத்தான் தபால் மாஸ்டர். உண்மையில் அந்தப் பகுதி குடியரசுக் கட்சிக்கே அவர்தான் எஜமானர். அவர் சொன்ன ஆள்தான் தேர்தலில் நிற்க வேண்டும். அவர் ராபர்ட்டைக் கூப்பிட்டார். அந்தப் பதவிக்கு வேறு ஆளை முடிவு செய்தாகிவிட்டது என்றும், வீண் வேலை வேண்டாம் என்றும் கூறினார்.

இளைஞருக்கு ரோஷம் வந்துவிட்டது. குதிரை வண்டியைப் பூட்டிக்கொண்டு, பண்ணை பண்ணையாகப் போனார். குடியானவர்களைப் பார்த்துப் பேசினார். கட்சிக் கூட்டத்துக்கு வரும்படி கேட்டுக் கொண்டார். வந்தார்கள். கீஸ் நிறுத்திய ஆள் விழுந்தார். ராபர்ட் சர்க்கார் வக்கீல் ஆனார்.

பிற்காலத்தில் அவர் செய்ததெல்லாம் இதன் தொடர்ச்சிதான் என்று சொல்லலாம்.

அபேட்சகரைப் பொறுக்குவது யார்?

தேர்தலில் நிற்கும் அபேட்சகரை அந்தக் காலத்தில் எப்படிப் பொறுக்கினார்கள் என்பதைச் சொல்ல வேண்டும்.

நம் நாட்டில் கட்சி மேலிடம் டிக்கெட் கொடுக்கிறது. அங்கே அப்படி இல்லை. முதலில், வார்டு வாரியாகக் கட்சிக்காரர்களின் கூட்டம் நடக்கும். அந்தக் கூட்டம் சில பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும். அந்தப் பிரதிநிதிகள் மாவட்ட மாநாட்டுக்குப் போவார்கள். அங்கிருந்து சிலரைப் பொறுக்கி மாநில மாநாட்டுக்கு அனுப்புவார்கள். மாநில மாநாடுதான் கவர்னர் பதவிக்கு ஆளை நிறுத்தும்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் கூட்டத்துக்கு யார் போவார்கள்? அறுவடைக் காலத்தில் குடியானவர் வேலையைப் போட்டுவிட்டு வருவாரா? பல கூட்டங்களுக்கு விரல் விட்டு எண்ணக் கூடிய ஆட்கள்தான் வருவார்கள். அவர்களும் எஜமானரின் ஆட்கள். மாநாட்டுக்குப் போகும் பிரதிநிதிகளுக்கு ரெயில் கம்பெனிகள் இலவச பாஸ் கொடுக்கும். யார் ரெயிலில் சும்மா போகிறாரோ, அவர் யாருக்குக் கை தூக்குவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

நவம்பர் மாதம் மக்கள் ஓட்டுப் போடுவார்கள். ஆனால் இரண்டு கட்சிகளிலும் ஆளை நிறுத்தியவர்கள் ரெயில் கம்பெனிக்காரர்களும் மரவாடி முதலாளிகளும்தான் என்றால், மக்கள் யாருக்குப் போட்டால் என்ன?

பண மடியோடு வந்த பெரியவர்

1884-ல் லா பாலெட் அமெரிக்க காங்கிரஸ் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மூன்று தடவை அங்கே இருந்தார். 1890 தேர்தலில் அவர் கட்சி மாநிலத்தில் அடியோடு தோற்றது. அவரும் தோற்று, மாடிசனுக்குத் திரும்பி வக்கீல் தொழிலைப் பார்த்தார்.

1891 செப்டம்பர் 17-ந் தேதி, மில்வாக்கி நகர ஓட்டல் ஒன்றில் ஒரு சம்பவம் நடந்தது. மரவாடித் தொழிலில் கோடீசுவரரான சாயர் என்ற செனட்டர் அவரைச் சந்தித்தார். மாநிலக் கஜானா அதிகாரிகளாக இருந்த சிலர் மீது அப்போது வழக்கு நடந்தது. சர்க்கார் பணத்துக்கு வந்த வட்டியைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள் என்பது வழக்கு. தீர்ப்பு பாதகமானால், ஜாமீன் கொடுத்திருந்த சாயர் பெருந்தொகை கட்ட வேண்டி வரும். வழக்கை விசாரித்த நீதிபதி லா பாலெட்டின் மைத்துனர்!

சாயர் பணப்பையைத் திறந்து லஞ்சம் கொடுக்க வந்தார் என்று லா பாலெட் சொன்னார். அவரை வக்கீலாக வைத்துக்கொள்ளத்தான் பேசினேன், நீதிபதி உறவினர் என்பதே தெரியாது என்று சாயர் மறுத்தார். அறையில் மூன்றாவது ஆள் இல்லை. எது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல இன்று வழியில்லை. நீதிபதி அந்த வழக்கிலிருந்து விலகிக்கொண்டார்.

கட்சியின் பெரிய தலைகள் லா பாலெட்டைப் பகைத்துக்கொண்டன. நண்பர்கள் சிலரும் ஒதுங்கினார்கள்.

ஒரே இரவில் மாறிய மனங்கள்

1896-ல் கவர்னர் பதவிக்கு நிற்க லா பாலெட் முன்வந்தார். மில்வாக்கியில் மாநில மாநாடு கூடியது. ஆதரிப்பதாக வாக்குக் கொடுத்த பிரதிநிதிகளை எண்ணிப் பார்த்தார். வெற்றிக்குப் போதுமான பேர் இருந்தார்கள்.

ஓட்டெடுப்புக்கு முந்தின இரவு பணம் விளையாடியது என்று அவர் பின்னால் தம் வரலாற்று நூலில் எழுதினார். மறுநாள் எண்ணிக்கை மாறிவிட்டது. மரவாடி முதலாளியான ஸ்கோபீல்டு தேர்ந்தெடுக்கப்பட்டார். 1898-ல் மறுபடியும் முயன்றார். மறுபடியும் ஸ்கோபீல்டே வென்றார்.

இரண்டு தடவை அடிபட்டவர் கட்சியை விட்டு வெளியேறியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. சில நூறு பிரதிநிதிகளை விலைக்கு வாங்க முடியும். லட்சம் ஓட்டர்களை வாங்க முடியுமா என்று யோசித்தார். பிரதிநிதிகளே வேண்டாம், அபேட்சகரை ஓட்டர்களே நேராகப் பொறுக்கட்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

1897 பிப்ரவரியில், சிகாகோ பல்கலைக்கழகத்தில் இதை விளக்கிப் பேசினார். பிறகு ஊர் ஊராகக் கிளம்பினார். அங்கே அறுவடைக்குப் பின் மாவட்டம்தோறும் விவசாயச் சந்தை நடக்கும். கொழுத்த மாடுகளும், பெரிய பூசணிகளும் காட்சிக்கு வரும். நம் ஊர் மாட்டுச் சந்தையும் திருவிழாவும் சேர்ந்தது போல இருக்கும். அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒரு பார வண்டியின் மேல் ஏறி நின்று பேசினார்.

ஜனங்களுக்கு அது பிடித்துப் போயிற்று. 1900-ல் கட்சி மாநாடு எதிர்ப்பே இல்லாமல் அவரை நிறுத்தியது. ரெயிலில் மாநிலத்தைச் சுற்றி 200-க்கு மேற்பட்ட கூட்டங்களில் பேசினார். ஒரு லட்சத்துக்கு மேல் ஓட்டு வித்தியாசத்தில் கவர்னர் ஆனார்.

சட்டசபையில் முட்டுக்கட்டை

கவர்னர் ஆனதும் மசோதா கொண்டு வந்தார். கீழ்ச்சபை ஏற்றது. மேல்சபையான செனட் அதை வெட்டிச் சிதைத்தது. மாவட்டப் பதவிகளுக்கு மட்டும் போதும் என்று சுருக்கி அனுப்பியது. அரை ரொட்டியாவது கிடைத்ததே என்று வாங்கிக்கொள்ளும்படி பலர் சொன்னார்கள். லா பாலெட் கையெழுத்துப் போட மறுத்துத் திருப்பி அனுப்பினார். செனட் அவர் மீது கண்டனத் தீர்மானம் போட்டது. ஓயாத உழைப்பினால் அவர் நோயில் விழுந்தார்.

1902-ல் மறுபடி கவர்னர் ஆனார். 1903-ல் சட்டம் நிறைவேறியது. ஆனால் ஒரு நிபந்தனை. மக்களிடம் ஓட்டெடுப்பு நடத்தி அவர்கள் சம்மதித்தால்தான் அமலுக்கு வரும் என்று செனட் சொல்லிவிட்டது. காலம் கடந்தால் ஆர்வம் குறையும் என்று எதிரிகள் கணக்குப் போட்டார்கள்.

1904 மே மாதம் மாடிசனில் கடைசியாக ஒரு பழைய பாணி மாநாடு. பல்கலைக்கழக உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. போலிச் சீட்டோடு எதிரிகள் புகுந்துவிடுவார்கள் என்று லா பாலெட்டின் ஆட்கள் பயந்தார்கள். வாசலில் முள்கம்பி வேலி கட்டி, ஒருவர் பின் ஒருவராக நுழையும்படி ஒடுக்கமான பாதை அமைத்தார்கள். கால்பந்து ஆட்டக்காரர்களைக் காவலுக்கு நிறுத்தினார்கள்! எதிர்க் கோஷ்டி வெளியேறி, ஒரு நாடகக் கொட்டகையில் தனி மாநாடு கூட்டியது. லா பாலெட்டின் கோஷ்டிதான் சட்டப்படியான கட்சி என்று மாநில சுப்ரீம் கோர்ட்டு அக்டோபர் மாதம் தீர்ப்புச் சொன்னது.

கட்சி எஜமானர்களை எதிர்த்த லா பாலெட், தாமும் ஒரு கட்டுக்கோப்பான கோஷ்டியை வைத்திருந்தார். காட்டு இலாகா வேட்டைக் காவலர்கள்கூட அவருக்குத் தேர்தல் வேலை செய்தார்கள் என்ற குற்றச்சாட்டு உண்டு. அது பொய்யல்ல.

பெயர் பெயராக வாசித்தார்

அந்த ஆண்டு அவர் செய்த பிரசாரம்தான் எல்லாவற்றிலும் விசேஷம்.

மோட்டார் கார் அப்போது புதிது. ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு கார்களை எடுத்துக்கொண்டார். ஞாயிறு நீங்கலாக, விடாமல் 48 நாள் சுற்றினார்.

ஒவ்வொரு ஊரிலும் ஒரு காகிதத்தைக் கையில் எடுப்பார். சட்டசபையின் ஓட்டுப் பதிவு அது. முதலில் ஒரு மசோதாவைச் சொல்வார். உதாரணமாக, ரெயில் கம்பெனிகளின் வரி. குடியானவர் தம் நிலத்தின் மதிப்புக்கு வரி கட்டுகிறார். கம்பெனி தன் சொத்தின் மதிப்புக்கு வரி கட்டவில்லை. இதைச் சரிப்படுத்த வந்த மசோதா இன்னது என்று விளக்குவார். பிறகு, அந்த ஊர் அங்கத்தினர் அதற்கு எப்படி ஓட்டுப் போட்டார் என்று வாசிப்பார். அடுத்த மசோதா. மறுபடி பெயர். மறுபடி ஓட்டு.

வசைமொழி கிடையாது. உங்கள் ஆள் இப்படிச் செய்தார், அவ்வளவுதான். சொந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் விடமாட்டார். சில இடங்களில் தம் கட்சி ஆளைத் தோற்கடித்து, எதிர்க்கட்சி ஆளுக்கு ஓட்டுப் போடும்படியே கேட்டுக்கொண்டார்.

ஆளைப் பொறுக்கும் உரிமை கிடைத்தால் மட்டும் போதாது. ஆள் என்ன செய்தான் என்று தெரிய வேண்டும் என்பது அவர் எண்ணம். சட்டசபையில் நடப்பது தலைநகரோடு நின்றுவிடும் காலம் அது. தம் அங்கத்தினர் எதற்குக் கை தூக்கினார் என்பதைப் பல குடியானவர்கள் முதல் தடவையாக அப்போதுதான் கேட்டார்கள்.

நவம்பர் மாதம் லா பாலெட் மூன்றாவது தடவையாக வென்றார். அபேட்சகர் தேர்தல் சட்டத்துக்கும் மக்கள் சம்மதம் கொடுத்தார்கள். வித்தியாசம் சுமார் 50 ஆயிரம் ஓட்டு.

இரண்டு பெட்டிகள்

சட்டத்தில் ஒரு தந்திரம் இருந்தது. எந்தக் கட்சிக்காரர் என்று ஓட்டர் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. எல்லாக் கட்சிச் சீட்டுகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கையில் கொடுப்பார்கள். மறைவான இடத்துக்குப் போய், ஒரு கட்சியின் சீட்டை மட்டும் கிழித்து அதில் குறி போட வேண்டும். அதை மடித்து ஒரு பெட்டியில் போட வேண்டும். மீதிச் சீட்டுகளை மடித்து இன்னொரு பெட்டியில் போட வேண்டும். அந்தப் பெட்டியை யாரும் பிரித்துப் பார்க்காமல் அழித்துவிடுவார்கள். முதலாளிக்கும் தெரியாது, கட்சி ஆளுக்கும் தெரியாது.

இன்றைக்கும் விஸ்கான்சினில் ஆகஸ்டு மாதம் இந்தத் தேர்தல் நடக்கிறது. கட்சியைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கட்சிக்குள் மட்டுமே ஓட்டுப் போட வேண்டும். இரண்டிலும் குறி போட்டால் அந்த ஓட்டுகள் செல்லாது.

மக்கள் வேறு ஆளைப் பொறுக்கினார்கள்

1906 ஜனவரியில் லா பாலெட் கவர்னர் பதவியை விட்டு, அமெரிக்க செனட் சபைக்குப் போனார். துணைக் கவர்னராக இருந்த டேவிட்சன் கவர்னர் ஆனார். நார்வேயில் பிறந்து பிழைக்க வந்தவர். சிறிய ஊரில் கடை வைத்திருந்தவர். அதிகப் படிப்பு இல்லை. லா பாலெட்டின் கோஷ்டியைச் சேர்ந்தவர்தான்.

ஆனால் லா பாலெட்டுக்கு அவர் போதவில்லை. சபாநாயகராக இருந்த லென்ரூட் என்ற திறமைசாலியை நிறுத்த விரும்பினார். டேவிட்சன் விட்டுக்கொடுக்க மறுத்தார். லா பாலெட் வாஷிங்டனில் இருந்து வந்து, லென்ரூட்டுக்காக ஊர் ஊராகப் பேசினார்.

மக்கள் கேட்டார்கள். கை தட்டினார்கள். செப்டம்பரில் சாவடிக்குப் போய் டேவிட்சனுக்குப் போட்டார்கள்! அவருக்கு ஒரு லட்சத்துக்கு மேல் ஓட்டு. லென்ரூட்டுக்குச் சுமார் 60 ஆயிரம்தான். நார்வே வம்சத்தினர் தம்மவருக்குத் துணை நின்றார்கள். ஒழுங்காக வேலை பார்க்கும் மனிதரை ஏன் இறக்க வேண்டும் என்று மற்றவர்களும் நினைத்தார்கள்.

பழைய மாநாடாக இருந்தால் லா பாலெட்டின் சொல் செல்லுபடியாகி இருக்கும். எஜமானர்களின் கையைக் கட்டுவதற்குத் திரித்த கயிறு, முதலில் அவர் கையைத்தான் கட்டியது. அதற்காக அவர் சட்டத்தைக் குறை சொல்லவில்லை. மற்ற மாநிலங்களும் இதைப் பின்பற்ற வேண்டும் என்றே சொல்லி வந்தார்.

அந்தத் தேர்தலில் பெல் அம்மையார் ஓட்டுப் போடவில்லை. பெண்களுக்கு அந்த உரிமை இல்லை! சட்டப் பட்டம் பெற்று, கணவரின் போராட்டம் முழுவதிலும் தோள் கொடுத்தவர், சாவடிக்கு வெளியே நிற்க வேண்டியிருந்தது.

புதிய சட்டத்திலும் ஓட்டை இருந்தது. 1908-ல் செனட் பதவிக்கான கட்சித் தேர்தலில் ஸ்டீவன்சன் என்ற மரவாடிக் கோடீசுவரர் 1 லட்சத்து 7 ஆயிரம் டாலருக்கு மேல் செலவு செய்து வென்றார். லா பாலெட்டுக்கு முன்பு பண உதவி செய்தவரே அவர்தான். விசாரணை நடந்தது. பதவி தப்பியது.

துரோகி என்றார்கள்

1917-ல் அமெரிக்கா முதல் உலகப் போரில் குதித்தது. செனட்டில் எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் 6 பேர். அவர்களில் லா பாலெட் ஒருவர். ஏழை சாகிறான், முதலாளி லாபம் அடைகிறான் என்பது அவர் வாதம்.

நாடே அவர் மீது பாய்ந்தது. துரோகி என்றார்கள். செனட்டில் இருந்து விரட்டும்படி மனுக்கள் குவிந்தன. சொந்த மாநிலச் சட்டசபை கண்டனம் செய்தது. அவர் படித்த பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்களே கண்டித்துக் கையெழுத்துப் போட்டார்கள். பழைய நண்பர்கள் தெருவில் பார்த்தும் பாராதது போலப் போனார்கள். 1919 ஜனவரியில் செனட் சபை அந்தப் புகாரைத் தள்ளிவிட்டது.

1922-ல் பதவிக்காலம் முடிந்தது. மறுபடியும் கட்சியின் அபேட்சகராக வேண்டும். போரைப் பற்றிப் பேசாமல் இருந்தால் நல்லது என்று நண்பர்கள் சொன்னார்கள். அவர் பேசினார். முன்பு சொன்னதில் ஒரு வார்த்தையையும் மாற்றிக்கொள்ளவில்லை.

கட்சிப் பெரியவர்கள் கூடி ஆளை நிறுத்தும் பழைய முறை இருந்திருந்தால், அவர் கதை அன்றோடு முடிந்திருக்கும். இப்போது குடியானவர்கள் மறைவிடத்துக்குள் போனார்கள். பதிவான ஓட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அவருக்கு விழுந்தது! 1920-ல் பெண்களுக்கு நாடெங்கும் ஓட்டுரிமை வந்துவிட்டது. கணவர் நிற்கும் கட்சித் தேர்தலில் ஓட்டுப் போடும் உரிமை, இந்தத் தடவைதான் பெல் அம்மையாருக்கு இருந்தது.

1924-ல் இரண்டு பெரிய கட்சிகளையும் எதிர்த்து, ஜனாதிபதி பதவிக்கு நின்றார். சுமார் 48 லட்சம் ஓட்டு வாங்கினார். வென்ற மாநிலம் விஸ்கான்சின் ஒன்றுதான். மறு ஆண்டு, 1925 ஜூன் 18-ந் தேதி, வாஷிங்டனில் மரணம் அடைந்தார். 70 வயது முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. உடல் மாடிசனில் அடக்கம் செய்யப்பட்டது.

தந்தையின் இடத்துக்கு மகன் வந்தார். அவர் பெயரும் ராபர்ட்தான். செனட்டில் 20 ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். 1946-ல், இடையில் விட்டிருந்த குடியரசுக் கட்சிக்குத் திரும்பி, கட்சித் தேர்தலில் நின்றார். வாஷிங்டனில் வேலை அதிகம். ஊருக்கு வந்து ஓட்டுக் கேட்க நேரம் ஒதுக்கவில்லை. போட்டியிட்டவரோ, ஊர் ஊராகச் சுற்றிக் கை குலுக்கிய ஓர் இளம் நீதிபதி. பெயர் ஜோசப் மெக்கார்த்தி. பிற்காலத்தில் எல்லோரையும் கம்யூனிஸ்டு என்று குற்றம் சாட்டி அமெரிக்காவையே நடுங்க வைத்தவர்.

ஆகஸ்டு மாதம் ஓட்டெடுப்பு நடந்தது. தந்தை போட்ட சட்டப்படி, மக்கள் சாவடிக்கு வந்தார்கள். மகன் 5 ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் தோற்றார்.